பசைக்காரி

துணியை ஒட்டுவது என்கிற யோசனையே எனக்கு அருவருப்பு. காகிதத்தை ஒட்டலாம், பிய்ந்த செருப்பை ஒட்டலாம், ஆடுகிற நாற்காலிக் காலை ஒட்டலாம். துணி என்றால் தைக்க வேண்டும். ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில், தறிக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டிலும் கஞ்சி காய்ச்சுவார்கள், பாவு நூலுக்குப் போட. அது நூலுக்குத் தெம்பு தருவதற்காக. இழையோடு இழை ஒட்டிக்கொண்டால் அன்றைக்கு வீட்டில் சண்டைதான். எங்கள் பேச்சில் நூல் ஒட்டிக்கொண்டது என்றால் கெட்டுப்போனது என்று அர்த்தம். இதையெல்லாம் எங்களுக்கு வேலை கற்றுத்தர வந்த பெங்களூர்ப் பெண்ணிடம் விளக்கமாகச் சொன்னேன். அவள் சிரித்தபடி தலையை ஆட்டிவிட்டுப் பசைப் புட்டியின் மூடியைத் திறந்தாள்.

நாடு கதவைத் திறந்துவிட்டது, இனி வெளிநாட்டுக்காரன் வரிசையில் வந்து நிற்பான் என்று பேப்பர்களில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கம் அந்தக் கதவு வழியாக முதலில் வெளியே போனவர்கள் எங்கள் வீட்டு ஆண்கள். நூல் விலை ஏறிற்று, ஏறியது இறங்கவேயில்லை. எங்கள் இரண்டு விசைத்தறிகளையும் இரும்பு எடைக்குப் போட்டோம். சைக்கிளையே நேராக ஓட்டத் தெரியாத என் வீட்டுக்காரர் டிரைவர் விசாவில் குவைத்துக்குப் போனார். போய்ப் பார்த்தால் யாரோ ஒருவர் வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. நான் திருப்பதிக்கு வந்து, அலிபிரி போகிற வழியில் ஒரு சந்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். ரேணிகுண்டா சாலையில், முன்பு அரிசி ஆலையாக இருந்த ஒரு ஷெட்டில் வேலை கிடைத்தது.

என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். பொந்த தைக்கிற வேலை. பழைய சேலைகளை அடுக்கடுக்காகப் போட்டுத் தைத்த கனத்த விரிப்பைத் தெலுங்கிலும் எங்கள் தமிழிலும் பொந்த என்போம். ஊரில் அதை யாரும் வாசலில் காயப்போடக்கூட மாட்டார்கள், வீட்டு வறுமை வெளியே தெரியுமே என்று. அதையே புதுத்துணியில் வெட்டி, நடுவில் பஞ்சு விரித்து, மேலே பூப்பூவாக ஒட்டுப்போட்டால் குவில்ட்டாம். அமெரிக்காவில் கட்டில் மேல் விரித்துவிட்டு அதன்மேல் படுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். பொந்த என்று ஒருத்தி சொல்லிவிட்டாள் என்று எங்கள் மேனேஜருக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஹைதராபாத்திலிருந்து வந்த இளைஞர், புதிதாகக் கல்யாணமானவர், கழுத்தில் டை கட்டிக்கொண்டு வியர்ப்பார். "பொந்த காதம்மா, குவில்ட்டு" என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்த் திருத்தினார்.

அந்தக் குவில்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. மெஷினில் போட்டு மூன்றையும் சேர்த்துத் தைப்பதற்கு முன், அவை ஒன்றின்மேல் ஒன்று நகராமல் பிடித்து வைக்கவேண்டும். பிடிக்காவிட்டால் பஞ்சு ஒரு பக்கம் போகும், துணி ஒரு பக்கம் போகும், நடுவில் சுருக்கம் விழும். உலகத்தில் எல்லோரும் இதற்கு ஊக்கு குத்துவார்கள், இல்லையென்றால் நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டுப் பின்னால் பிரித்துவிடுவார்கள். எங்கள் ஷெட்டில் இரண்டும் கூடாது. ஏனென்றால் எங்கேயோ யாரோ ஒரு குழந்தையின் போர்வையில் ஊசி இருந்துவிட்டதாம். அதனால் சாமான் வாங்குகிற கம்பெனி, ஷெட்டுக்குள் மெஷின் ஊசி தவிர வேறு ஊசி, ஊக்கு, குண்டூசி எதுவும் நுழையக் கூடாது என்று எழுதி அனுப்பிவிட்டது. சென்னையில் அவர்களுடைய ஆபீசில் ஒரு மெஷின் இருந்தது. ஒவ்வொரு உருப்படியும் அதற்குள் போய் வரவேண்டும். இரும்பு இருந்தால் கத்தும்.

முதல் நாள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் உடம்பில் இருக்கிற ஊக்குகளை எல்லாம் அதில் போட்டுவிட்டுப் போகவேண்டும். தோளில் சேலைக்குக் குத்தியதைப் போட்டோம். தலையில் குத்தியதையும் போட்டோம். பிறகு மேனேஜர் எங்கள் கழுத்தைப் பார்த்தார். ஒவ்வொருத்தி தாலியிலும் நான்கைந்து ஊக்குகள் கொத்தாகத் தொங்கின.

இந்தத் தாலி ஊக்கைப் பற்றிய உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு புனிதமும் கிடையாது. காலில் தைத்த முள்ளை எடுக்க, பாவாடைக்குள் ஓடிப்போன நாடாவை இழுக்க, அறுந்த செருப்பு வாரை நிறுத்த, ஸ்டவ் அடைப்பைக் குத்த, பஸ்ஸில் உரசுகிறவனைக் குத்த என்று அவசரத்துக்கு உதவட்டுமே என்று மாட்டி வைப்பது. கழுத்தில் தொங்கும் ஆயுதப் பெட்டி, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நான்கு தடவை கழற்றுவோம், மாட்டுவோம். ஆனால் அந்த டை கட்டிய ஆள் எங்கள் கழுத்தைப் பார்த்துக் "கழற்றுங்கள்" என்று சொன்னதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது வேறு எதற்கோ வந்த கோபம். தறி போன கோபம், பொந்த தைக்க வந்த கோபம், எல்லாம் சேர்ந்து வந்தது.

"தாலியில கோத்தத கழட்டித் தட்டுல போடச் சொல்றீங்களே சார். எங்க வூட்டு ஆம்பள கடல் தாண்டி இருக்குறாரு. அவருக்கு ஒண்ணு ஆச்சின்னா நீங்க பதில் சொல்வீங்களா? தாலில ஏறுன ஊக்கு செத்தாத்தான் சார் எறங்கும்."

கடைசி வாக்கியத்தை நான் அந்த இடத்திலேயே கண்டுபிடித்தேன். யாரும் அதுவரை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஆமாம், ஆமாம் என்றார்கள். ஒருத்தி அழவே அழுதாள். மேனேஜர் பயந்துவிட்டார். "சரே, சரேம்மா. தாலி பின்னீசு ஓகே. மிகதா அன்னி வத்து" என்றார். தாலியில் இருப்பது மட்டும் இருக்கலாம், மற்றதெல்லாம் கூடாது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெயித்தாயிற்று.

எனக்குப் பின்னால் வரிசையில் தாலி இல்லாதவள் ஒருத்தி நின்றிருந்தாள். சேலைத் தோளில் குத்தியிருந்த ஒற்றை ஊக்கைத் தட்டில் போட்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மூன்றாம் நம்பர் மேஜையில் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவள்.

ஊக்கு இல்லாமல் துணியைப் பிடித்து வைக்க அந்தப் பெங்களூர்ப் பெண் கற்றுத்தந்த வித்தைகள் ஒவ்வொன்றும் ஒரு கூத்து. முதலில் தெளிக்கிற பசை. கொசுமருந்து மாதிரி டப்பாவில் வந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த ஷெட்டில் அதைத் தெளித்தால் துணியில் விழுமா? எங்கள் தலைமுடியில் விழுந்தது. மூன்று நாள் இருமினோம். அடுத்து ஒரு துப்பாக்கி. ஜவுளிக் கடையில் விலைச்சீட்டு மாட்டுவார்களே, அதே பிளாஸ்டிக் நூலைத் துணிக்குள் சுடுகிற துப்பாக்கி. சுட்டதைப் பின்னால் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கவேண்டும். நெருக்கமாக நெய்த துணியில் ஓட்டை விழுந்தது. நான் அந்த ஓட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். பிறகு துணி காயப்போடுகிற கிளிப். அதை ஓரத்தில் போடலாம், நடுவில் எப்படிப் போடுவது? கேட்டால், அந்தப் பெண் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசியில் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் காகிதம் ஒட்டுவார்களே, அந்த வெள்ளைப் பசை. புள்ளிபுள்ளியாக வைத்து மேலே இஸ்திரி போட்டால் பிடித்துக்கொள்ளும், தைத்து முடித்துத் துவைத்தால் போய்விடும் என்றாள். துவைத்தால் போகிற ஒன்றை எதற்கு வைக்கவேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் பெண் ஒரு மாதம் பாடம் நடத்திவிட்டு, திருமலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, லட்டோடு பெங்களூர் போய்ச் சேர்ந்தாள்.

எங்களை உண்மையாகவே ஒட்ட வைத்தவள் எதிர்ப்பக்கத்துக்காரிதான்.

அவள் பாகாலாவிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவாள். சித்தூருக்கு அந்தப் பக்கம் எல்லையோரக் கிராமத்தில் கூலிக்குக் களை பறித்த குடும்பம், தமிழ் பேசுகிறவர்கள். அவள் புருஷன் பாகாலாவில் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்து, மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பத்து வருஷம் அவனுக்குப் பசை காய்ச்சிக் கொடுத்தவள். ஒரு நாள் மேனேஜர், வெள்ளைப் பசை சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, "மைதாவுலயே பண்ணலாம் சார்" என்றாள். மறுநாள் தூக்குவாளியில் கொண்டுவந்தாள்.

அவள் செய்ததைச் சொல்லவேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. மைதாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, துளி படிகாரம் போட்டுக் கூழாகக் காய்ச்சி, ஆறியபின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவாள். துடைப்பக் குச்சியின் நுனியைக் கடித்துச் சப்பையாக்கி, அதில் தொட்டு, சாண் இடைவெளிக்கு ஒரு புள்ளி வைப்பாள். கடுகு அளவுதான். மேல்துணியை இரண்டு கையாலும் நீவிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டுவாள். குவில்ட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் மூன்று அடுக்கும் அப்படியே இருக்கும். மேனேஜர் அவளை மற்ற மேஜைகளுக்கெல்லாம் அழைத்துப்போய்க் காட்டினார். நான் அவளுக்குப் பசைக்காரி என்று பெயர் வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஷெட் முழுவதும் அந்தப் பெயர் பரவிவிட்டது. மாலையில் மேனேஜரே "பசைக்காரம்மா" என்று கூப்பிட்டார், அது மரியாதைப் பெயர் என்று நினைத்துக்கொண்டு.

எனக்குப் பசை வராது. வரக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன் என்பதே சரி. புள்ளி வைக்கிற இடத்தில் நான் ஒரு குழிக்கரண்டி அளவுக்கு அப்புவேன். அது காயாது, வழுக்கும், துணி நகரும். அவள் இரண்டு நாள் பார்த்தாள்.

"அக்கா, நெறைய வைக்காதீங்க. நெறைய வச்சா வழிக்கிக்கினு போவும். கடுகாட்டம் வச்சா போதும்."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா? நாங்க துணி நெஞ்சவங்க. சொவுத்துல ஒட்டுனவங்க இல்ல."

பக்கத்து மேஜைவரை கேட்கிற குரலில்தான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அவள் குனிந்து அடுத்த புள்ளியை வைத்தாள். மறுநாள் வடிகட்டிய பசைக் கிண்ணத்தை மேஜையின் நடுவில், எனக்கும் எட்டுகிற மாதிரி வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. அவளை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அவள் வேலை தெரிந்தவள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. இதை இப்போது சுலபமாகச் சொல்கிறேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் மின்சாரம் போகும். மின்சாரம் போனால் இஸ்திரிப் பெட்டி ஆறும். என் பசை அப்படியே கொழகொழவென்று கிடந்தது. கடுகுப் புள்ளி தானாகவே காய்ந்து, அவள் பக்கத்தில் உருப்படிகள் குவிந்துகொண்டே போக, என் பக்கத்தில் ஒன்றுகூட முடியவில்லை. சுருக்கம் விழுந்ததென்று இரண்டைத் திருப்பி அனுப்பினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்து, "பசைக்காரம்மாகிட்ட கத்துக்கோங்கம்மா" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சுவர் பக்கம் திரும்பி நின்று, தாலியிலிருந்து நான்கு ஊக்குகளையும் கழற்றினேன். அடித்துணிப் பக்கமாக, நான்கு மூலையிலும் ஒவ்வொன்று குத்தினேன். துணி ஆடாமல் அசையாமல் நின்றது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். பிறந்த வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

மெஷின் தையல் முடிந்து ஓரப்பட்டி வைக்கிற மேஜைக்குப் போவதற்குள், சரிபார்க்கிற சாக்கில் போய் நான்கையும் கழற்றித் தாலியில் மாட்டிக்கொள்வேன். இப்படி ஒரு வாரம் ஓடியது. என் உருப்படிகள்தான் ஷெட்டிலேயே நேர்த்தி என்று பெயர் வந்தது. பசை ஒருவழியாகக் கைவந்துவிட்டது என்று மேனேஜர் பாராட்டினார். நானும் ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து பூத்துக்குப் போன் செய்வார். அந்த வெள்ளிக்கிழமை மழையில் பஸ் கிடைக்காதே என்று அவசரமாகக் கிளம்பினேன். போய் அரை மணி காத்திருந்து, அங்கே ரோஜாச்செடி நன்றாக வளர்கிறது என்ற முக்கியமான செய்தியைக் கேட்டுவிட்டு அறைக்கு வந்தேன். குளிக்கும்போது தாலியைத் தடவிப் பார்த்தேன். மூன்றுதான் இருந்தன. எங்கோ விழுந்திருக்கும் என்று நினைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நினைக்கவில்லை. எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். கடைசி உருப்படியின் ஒரு மூலையில் இருந்தது. மறுநாள் நான் போவதற்குள் அதன்மேல் ஓரப்பட்டி வைத்துத் தைத்து, துவைத்துக் காயவைக்கும் இடத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை பெட்டிக்குள் போயிற்று. அடுத்த நாள் லாரி ஏறிற்று. அந்த நான்கு நாட்களில் எந்த நிமிஷத்திலும் சொல்லியிருக்கலாம். அந்தச் சென்னை மெஷின் வெறும் படம் காட்டுவது, கத்தாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது கத்திற்று. லாரி அப்படியே திரும்பி வந்தது. எல்லாப் பெட்டியையும் பிரித்து, எல்லா உருப்படியையும் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை நடந்தால் ஆர்டரே கிடையாதாம். மேனேஜர் எங்களை எல்லாம் நடுவில் நிற்க வைத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் என் ஊக்கு இருந்தது. உருப்படியோடு போன சீட்டில் மேஜை நம்பர் மூன்று என்று எழுதியிருந்தது. மூன்றாம் மேஜை என்றால் நாங்கள் இரண்டு பேர்தான்.

"எவரிதி?" என்றார். யாருடையது என்று தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை கேட்டார். "துருப் புடிச்ச பின்னீசு" என்று உறையைத் தூக்கிக் காட்டினார்.

அது துரு இல்லை. ஊக்கின் சுருளுக்குள் மஞ்சள் அப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசுகிறவள் கழுத்தில் கிடந்த ஊக்கு என்று எந்தப் பெண்ணுக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். உறை கைமாறிக் கைமாறி வந்தது. நாற்பது பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அவள் கைக்கு வந்தபோது சற்று நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உறையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டாள்.

மேனேஜருக்குக் கணக்கு சுலபமாக இருந்தது. தாலி ஊக்கு இறங்காது. அது முதல் நாளே பேசி முடிவான விஷயம். அப்படியானால் இது வெளியிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த ஊக்கு. மேஜையில் இருக்கிற இரண்டு பேரில் ஒருத்திக்குக் கழுத்திலேயே அனுமதியோடு ஊக்கு இருக்கிறது, அவள் ஏன் ஒளித்துக் கொண்டுவரவேண்டும்? மிச்சம் இருப்பது தாலி இல்லாதவள். படித்தவர் அல்லவா, விடை டக்கென்று வந்தது. ஷெட்டிலேயே ஊக்கு தேவைப்படாத ஒரே ஆள் அவள்தான், மற்றவர்களுக்கெல்லாம் பசை வைக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவரைச் சொல்லி என்ன? தோன்றிய எங்களில் யார் சொன்னோம்?

"என்னுது இல்ல சார்" என்றாள்.

"அப்ப எவரிதி?"

 நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பசைக் கிண்ணத்தைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். வாசல் தட்டில் தன் தோள் ஊக்கைத் தேடி எடுத்துக் குத்திக்கொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. நான் மேஜை முன்னால் குனிந்து, அன்றைக்குத்தான் முதல் முறையாக, கடுகு அளவில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் பிடித்தது.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் அறைக்குப் போனேன். அது கண்ணாடித் தடுப்பு போட்ட அறை. உள்ளே பேசுவது வெளியே கேட்காது, ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"சார், அந்த ஊக்கு என்னுது. தாலில இருந்தத கழட்டிக் குத்துனேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மீரே கதம்மா செப்பாரு?" என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள், தாலியில் ஏறிய ஊக்கு செத்தால்தான் இறங்கும் என்று. அந்த வாக்கியத்தை அவர் மறக்கவில்லை, தன் மனைவியிடம்கூடச் சொன்னாராம். பாவம், புருஷன் இல்லாதவள் என்று இரக்கப்பட்டு அவள் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேனாம். எனக்குப் பெரிய மனசாம். என்னைப் போன்ற பெண்கள் இருப்பதால்தான் மழையாவது பெய்கிறதாம். அந்த மழையால்தான் அய்யா எல்லாம் வந்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "போய் வேலையப் பாருங்கம்மா" என்றார். வந்து வேலையைப் பார்த்தேன். எனக்கு அப்போது வந்தது வெட்கம் என்று நினைக்காதீர்கள். நிம்மதி. சொல்லியாயிற்று, அவன் நம்பவில்லை, நான் என்ன செய்வேன் என்று பெருமூச்சு விட்டேன். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதியை அவளுக்கும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பாகாலாவுக்கு ரயில் ஏறினேன். கையில் அரை டஜன் வாழைப்பழம். ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். பழைய பேப்பர்களைப் பரப்பி வைத்து, மளிகைக் கடைக்குக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள். பேப்பரைப் பார்க்காமலே மடித்து, பார்க்காமலே தடவி, பார்க்காமலே ஒட்டினாள். என்னைக் கண்டதும் எழுந்து, உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

"அந்த ஊக்கு என்னுது" என்றேன், உட்காருவதற்கு முன்பே.

"தெரியும்க்கா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே நீ."

"நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். அன்னிக்கு ஸ்டேசன்லகூட வண்டி வர்ற வரைக்கும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

நான் அவசர அவசரமாக மேனேஜரிடம் போனதைச் சொன்னேன். கண்ணாடி அறை, அவர் சிரித்தது, நம்பாமல் போனது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் மேல் தப்பில்லை என்பது அவளுக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவள் கவர் ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கழட்டிக் காமிச்சீங்களா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் என் கழுத்தைக் காட்டினாள்.

"இன்னும் மூணு தொங்குதில்ல. அவரு நம்பலன்னதும் ஒண்ணக் கழட்டி மேஜ மேல போட்டிருந்தீங்கன்னா நம்பியிருப்பாருக்கா. வேற ஒண்ணும் பேச வேணாம்."

நான் அதை யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். கை கழுத்துவரை போயிற்று. கண்ணாடிக்கு வெளியே நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க" என்றேன்.

"ஆமா" என்றாள். "என்னையும் எல்லாரும்தான் பாத்துக்கினு இருந்தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி ஒரு பேப்பரை எடுத்து மடித்தாள். திருப்பதி வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு வாய் துன்னுட்டுப் போங்க என்றாள். சோறும் கீரையும் போட்டாள். நான் சாப்பிட்டேன். அவள் வாழைப்பழத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஸ்டேஷன் வரை கூடவே வந்து வழி காட்டினாள்.

திங்கட்கிழமை போய்க் கழற்றிப் போட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமையும் போட்டிருக்கலாம். அந்த ஷெட் அதன் பிறகு இரண்டு வருஷம் நடந்தது, நான் கடைசி நாள்வரை அங்கேயே வேலை செய்தேன்.